என் ஓரகத்தி பார்த்த நீர்யானை

கொல்லைப்புறத் துவைகல்லில் குந்தி உட்கார்ந்து அவள் தன் கேன்வாஸ் ஷூவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஷூவின் அடிப்பக்கத்துப் பள்ளங்களில் அப்பியிருந்த மண் கரைந்து, செங்கல் பொடியைக் கலக்கிவிட்ட நிறத்தில் தண்ணீர் ஓடி வாழைக் குழியில் இறங்கியது. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வந்த நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். செம்மண் நான் பார்க்காததல்ல. வல்லம் பக்கம் போனால் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் இது தான்சானியாவின் செம்மண். "ஏரோப்ளேன் ஏறி வந்திருக்கு பாருங்கக்கா, தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டாள் அவள். இருபது வருடமாக நான் கரும்பலகையில் சிவப்புச் சாக்கட்டியால் தீட்டிக் காட்டிய மண், என் வீட்டு வாழைக்கு உரமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. வேறு வார்த்தை போட்டு மழுப்ப விருப்பமில்லை. அது பொறாமைதான்.

அவள் என் ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி. குடவாசலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் ஊரில், ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி, ஆளுக்குப் பாதியாக இருக்கிறோம். கொல்லை மட்டும் பொது. நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். அவள் கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள். கல்யாணமான புதிதில் பேச்சுவாக்கில், புவியியல் என்றாலே தனக்குத் தூக்கம் வரும் என்று என்னிடமே சொன்னாள். நான் சிரித்தேன். பின்னால் அதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன். தூக்கம் வந்தவளைத்தான் அந்தக் கண்டம் கூப்பிட்டுக்கொண்டது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் எரிச்சலின் நியாயம் புரியாது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்த கூலிக்காரர்கள். எங்கள் தெருவில் முதலில் காலேஜ் படியேறியவள் நான். எட்டாம் வகுப்பில் ஆப்பிரிக்காவின் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு என்ன நேர்ந்தது என்று இப்போதும் விளக்கத் தெரியவில்லை. ஐரோப்பா ஓரமெல்லாம் கிழிந்து பிசிறாகத் தெரிந்தது, ஆசியா எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. ஆப்பிரிக்கா மட்டும் முழுசாக, கையில் எடுத்துப் பார்க்கலாம் போல இருந்தது. மொராக்கோவில் தொடங்கி, மேற்கே புடைத்து, கினி வளைகுடாவில் உள்ளே மடங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, சோமாலியாவின் மூக்கை நீட்டி, செங்கடல் வழியாக மேலே ஏறி, மத்தியதரைக்கடல் ஓரமாகத் திரும்பி வந்து முடியும் அந்தக் கோட்டை, சாக்கட்டியை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுவேன். கடைசியில் பக்கத்தில் மடகாஸ்கர் ஒன்று. பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஐம்பத்து நான்கு நாடுகளையும் தலைநகரங்களோடு மூச்சு விடாமல் சொல்வேன். சகாராவின் மணலையும் காங்கோவின் காட்டையும் கலஹாரியையும் பற்றி மணி அடித்த பிறகும் பேசுவேன். பள்ளியில் எனக்குப் பெயரே ஆப்பிரிக்கா டீச்சர்தான். ஆனால் நான் போன அதிகபட்ச தூரம் காலேஜ் டூரில் ஊட்டி. அதற்கப்புறம் வருடா வருடம் வேளாங்கண்ணி.

என் கொழுந்தனார் அறுவடை இயந்திர மெக்கானிக். டெல்டா முழுக்க சம்பா அறுவடைக் காலத்தில் அவரைத் தேடித்தான் ஆள் வரும். அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகத் தான்சானியாவில் ஒரு பெரிய நெற்பண்ணையில் வேலை கிடைத்தது. கிலோம்பெரோ என்கிற ஆற்றுப் பள்ளத்தாக்கு. மனைவியையும் கூட்டிப் போகலாம் என்றார்கள். சாப்பாட்டு மேசையில் அவர் அதைச் சொன்னபோது நான், "தலைநகரம் டொடோமா, ஆனா நீங்க இறங்கப்போறது தார் எஸ் சலாம்ல" என்று என் சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டேன். என் ஓரகத்தி, "அங்க உளுந்தம்பருப்பு கெடைக்குமாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் மன்னிக்க வெகுநாளாயிற்று.

அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவாள். பேச்செல்லாம் ஊர் விஷயமாகத்தான் இருக்கும். மேட்டூர் திறந்துவிட்டார்களா, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததா, கொல்லை முருங்கை காய்த்திருக்கிறதா. நடுவில் போகிற போக்கில் ஏதாவது ஒன்றைப் போடுவாள். "நேத்து நம்ம வயல்ல நீர்யானை எறங்கிடுச்சுக்கா. கதிர் வர்ற பயிரு. நம்மூர்ல மாடு மேஞ்சா ஒரு ஓரமா மேயும், இது பாய் சுருட்டின மாதிரி சுருட்டிட்டுப் போயிடுச்சு." சொல்லிவிட்டு அதே மூச்சில் ரேஷன் கார்டில் பேர் நீக்கிவிடுவார்களா என்று கேட்பாள். நான் இந்தப் பக்கம் போனைக் காதோடு அழுத்திக்கொள்வேன். நீர்யானை இரவில் கரையேறிப் புல் மேயும் என்பது எனக்குத் தெரியும். அதன் கால்தடம் சேற்றில் எப்படி இருக்கும் என்று தெரியாது. கேட்டால், "உரல் பதிஞ்ச மாதிரி இருந்துச்சுக்கா" என்பாள். எந்தப் புத்தகமும் எனக்கு உரல் என்று சொன்னதில்லை.

குருவி விரட்டிய கதையும் அப்படித்தான் வந்தது. சிவந்த அலகுள்ள, நம்மூர்ச் சிட்டுக்குருவி அளவுப் பறவை, ஆயிரக்கணக்கில் ஒரே மேகமாக இறங்கி நெல்லை உருவிவிடும். அதன் பெயர் குவேலியா என்பது நான் படித்தது. பண்ணைப் பெண்களோடு சேர்ந்து தானும் தகரத்தைத் தட்டிக் கத்தியதாகவும், கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டதாகவும் அவள் சொன்னது நான் படிக்காதது. தார் எஸ் சலாமிலிருந்து பண்ணைக்குப் போகும் பஸ், மிக்குமி காட்டின் ஊடாகப் போகுமாம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒட்டகச்சிவிங்கி தெரியுமாம். குடவாசல் கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காக நான் எத்தனை நாள் முண்டியடித்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் செங்கல் சூளை. இன்னொரு நாள், "இங்க நெல்லுக்கு ம்புங்கா, அரிசிக்கு ம்ச்செலே, சோத்துக்கு வாலி. நம்மள மாதிரியே மூணுக்கும் மூணு பேருக்கா, மூணையும் ரைஸுன்னு போட்டுக் கொழப்புறதில்ல" என்றாள். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். புவியியல் என்றால் தூக்கம் வருகிறவள், ஒரு நாட்டின் வயிற்றைத் திறந்து காட்டிவிட்டாள். அன்று இரவு என் கணவர் எதைக் கேட்டாலும் வெடுக்கென்று பதில் சொன்னேன்.

இதில் அவள் குற்றம் எதுவுமில்லை என்பதுதான் என் கஷ்டம். அலட்டிக்கொண்டிருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். முதல் விடுமுறைக்கு வந்தபோது, அந்த ஷூ கழுவிய அன்றைக்கே, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "ஒரு மே மாசம் வாங்களேன்க்கா, மாமாவையும் கூட்டிட்டு. தங்குறதுக்கு எடமிருக்கு. நீங்க பாத்தா எல்லாத்துக்கும் பேர் சொல்லுவீங்க, நான் சும்மா மரம் மரம்னு பாத்துட்டு இருக்கேன்" என்றாள். விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது, லீவு கிடைக்காது என்றேன். மே மாதத்தில் எனக்கு எந்த விடைத்தாளும் இல்லை. என் கண்டத்தை அவள் காட்ட, நான் விருந்தாளியாக நின்று பார்ப்பதா? அந்த ஒரு நினைப்பில், வாழ்நாள் முழுக்க ஏங்கிய பயணத்தை நானே தட்டிவிட்டேன். அவள் இரண்டாம் முறை கேட்டாள், மூன்றாம் முறையும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவரைத் தனியாக அனுப்பும் வழக்கமில்லை. வேன் பிடித்து, அத்தை, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு வேன் நிறைய ஏர்போர்ட் வரை போய்த்தான் ஏற்றிவிட்டு வருவோம். போகிறவர்கள் இரண்டு பேர், அழுகிறவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களின் விடுமுறை முடிந்து திருச்சிக்குக் கிளம்பிய அந்த வேனில் நானும் ஏறினேன். என் கையிலும் ஒரு பெட்டி. திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது, ஒரு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்வதற்காக என் துணிமணிகள் அதில் இருந்தன. அவர்களை ஏற்றிவிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மே முழுக்க ஊரில் இல்லை. ஆரத்தி, சூட்கேஸ், வேன், அதில் நானும் ஏறியது எல்லாவற்றையும் எங்கள் தெருவில் இருந்து என்னிடம் படித்த ஒரு பெண் பார்த்திருக்கிறாள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள். வகுப்புக்குள் காலை வைத்ததுமே அவள் எழுந்து கேட்டாள், "டீச்சர், லீவுக்கு ஆப்பிரிக்கா போயிட்டு வந்தீங்களாமே?" வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் என் ஓரகத்தியின் ஷூ, நீர்யானை, ஜன்னலோர ஒட்டகச்சிவிங்கி எல்லாம் என் கண்முன் வந்து நின்றன. "ம்" என்றேன். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், பிள்ளைகளே, நான் போனதில்லை. திருச்சி வரைக்கும்தான் போனேன்.

ஒரு "ம்" எவ்வளவு தீனி தின்னும் என்று அதைச் சொன்னவர்களுக்குத்தான் தெரியும். என்ன பார்த்தீர்கள் என்றார்கள். நீர்யானையைச் சொன்னேன், உரல் பதிந்த மாதிரி தடம் என்றேன். குருவிகளைச் சொன்னேன். ம்புங்கா, ம்ச்செலே, வாலி என்றதும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவளுடையதெல்லாம் தீர்ந்ததும் என்னுடையதை எடுத்தேன். செரெங்கெட்டிச் சமவெளி. வைல்டுபீஸ்ட் என்கிற மாட்டுமுகத்து மான்கள், லட்சக்கணக்கில் மழை வாசனையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போய், முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குதித்துக் கடக்கும் காட்சி. அதைப் பற்றி நான் படிக்காத பக்கமில்லை. ஜூலைக்கு மேல் நடப்பதை மே மாதத்தில் கரையில் நின்று பார்த்ததாகவே சொன்னேன். புழுதி கண்ணில் விழுந்தது என்றேன். ஒரு குட்டி மட்டும் அக்கரை ஏறித் தாயைத் தேடிக் கத்தியது என்றேன். பெண்கள் கண் கலங்கினார்கள். எனக்கும் கலங்கியது. அடுத்த வருடம் வேறு பிள்ளைகள் வந்து, "டீச்சர், அந்த ஆப்பிரிக்கா கதை" என்று கேட்டார்கள். அதற்கடுத்த வருடமும் கேட்டார்கள். மரியாதை கூடிக்கொண்டே போனது. தலைமை ஆசிரியை என்னை அறிமுகப்படுத்தும்போது வெளிநாடெல்லாம் போய் வந்தவர் என்று சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார். என் தெருவில் கூலிக்காரர் மகளாகப் பிறந்து, அந்தப் பள்ளியில் நான் சம்பாதித்து வைத்திருந்த பெயர் அது ஒன்றுதான். அதன் அடியில் ஒரு பொய்யைச் செருகி வைத்துவிட்டேன் என்பது தெரிந்தும், எடுக்க மனம் வரவில்லை.

ஐந்து வருடம் முடிந்து அவர்கள் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. என் ஓரகத்தி இனி இந்த ஊரில் நடமாடுவாள், யாரோ ஒரு பிள்ளை கேட்கும், அவள் உள்ளதைச் சொல்லுவாள். அவளுக்குப் பொய் வராது என்பது எனக்குத் தெரிந்த விஷயம். மாமியார் இருந்த காலத்தில் குழம்பில் உப்பில்லாததைக்கூட மறைக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டவள். பள்ளிக்கூடப் பக்கம் அவள் வர நேரும் காரியங்களையெல்லாம் நானே முந்திக்கொண்டு செய்தேன். தபால் ஆபீஸ் வேலை, மளிகைக்கடை வேலை எல்லாவற்றையும். "அக்கா என்னை உக்கார வெச்சு சோறு போடுறாங்க" என்று அவள் தன் அம்மாவிடம் போனில் பெருமைப்பட்டாளாம்.

பள்ளி ஆண்டு விழா அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். விழா இழுத்துக்கொண்டே போய், சாயங்கால பஸ் போய்விட்டது. என் கணவருக்குப் போன் செய்தால், அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மாட்டிக்கொண்டு தம்பி மனைவியை அனுப்பிவிட்டார். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அவள் நின்றாள். ஆட்டத்துக்குப் போட்ட ஜிகினாப் பாவாடையும் கன்னத்துச் சிவப்புமாகப் பத்துப் பதினைந்து பெண்கள் என்னைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். இது யார் டீச்சர் என்றார்கள். என் ஓரகத்தி என்றேன். எங்கள் தெருப் பெண்தான், அதே பெண், இப்போது பத்தாம் வகுப்பு, நேராக அவளிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்களும் டீச்சரோட ஆப்பிரிக்கா போயிருந்தீங்கல்ல? டீச்சர் அங்க லட்சம் மான் ஆத்தைத் தாண்டுனதைப் பாத்தாங்களாமே, நீங்களும் பாத்தீங்களா?"

என் ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வயலை நட்டு முடித்து ஆட்கள் வரப்பேறும் அளவுக்கு அந்தப் பார்வை நீண்டதாக எனக்கு ஞாபகம், உண்மையில் இரண்டு நொடிதான் இருந்திருக்கும்.

"டீச்சர்தான்மா என்னையே கூட்டிட்டுப் போனாங்க" என்றாள். "தனியா போவ பயந்துகிட்டுக் கெடந்தேன். ரோட்டுல குறுக்க யானை வந்து நின்னுச்சு, பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் கத்துறோம். டீச்சர் அசையவே இல்லையே. காதைப் பாத்து, இது ஆப்பிரிக்க யானை, நம்மூர் யானை இல்லன்னு பாடம் நடத்துறாங்க."

பெண்கள் சிரித்து உருண்டார்கள். டீச்சர் அப்படித்தான் செய்வாங்க என்றார்கள். நான் தப்பித்தேன். நன்றி பொங்கி வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ பழைய எரிச்சலேதான், முன்னைவிடக் கூடுதலாக. அந்த யானை அவளுடையது. அதை நான் கேட்கக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை ஒடித்துக் கொடுப்பது போல, பஸ்ஸை மறித்து நின்ற ஒரு முழு யானையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இருப்பவளுக்குத்தானே கொடுக்க முடியும். அந்தப் பெருந்தன்மையும் எனக்கு இல்லாமல் அவளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டதே என்று அந்த நிமிஷத்தில் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று அன்றைக்கு எனக்கே நன்றாகத் தெரிந்துபோயிற்று.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள், வைக்கோல் கட்டும் இயந்திரம் ஒன்று தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெண்ணாற்றுப் பாலம் வரை நான் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சரிபார்த்துப் பார்த்தேன், எதுவும் சொல்லத் தக்கதாக இல்லை. பாலம் தாண்டியதும் அவளே கேட்டாள்.

"எந்த எடத்துக்குப் போனோம்னு சொல்லி வெச்சிருக்கீங்கக்கா? நாளைக்கு வேற யாரும் கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்லணுமில்ல."

"செரெங்கெட்டி" என்றேன். "மாரா ஆறு."

வண்டியின் வேகம் குறைந்தது. "நான் அங்க போனதில்லக்கா" என்றாள். "அது வடக்க. எங்க பண்ணையிலேருந்து ரெண்டு நாள் பஸ்ஸு. உள்ள விடுறதுக்கு டாலர்ல கேப்பாங்க. வருசா வருசம் அவர்கிட்ட நச்சரிச்சேன், இந்த வருசம், அடுத்த வருசம்னே ஓட்டிட்டாரு. கடைசியா கெளம்புறப்ப ஏர்போர்ட்டு சுவத்துல அந்தப் படம் பெருசா மாட்டியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன், அதையும் அவரு பாதி மறைச்சுட்டாரு." ஒரு மாட்டுவண்டியைத் தாண்டிவிட்டுக் கேட்டாள். "எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"நான் எங்கடி போனேன்" என்றேன். வாயிலிருந்து அது வந்ததும் எனக்கே ஆறுதலாக இருந்தது.

"அதெல்லாம் தெரியும். புள்ளைங்களுக்குச் சொன்னீங்கள்ல, அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். மழை எந்தத் திசையில் முதலில் கறுக்கும், முதல் மான் கரையில் எவ்வளவு நேரம் தயங்கும், பின்னால் வருவது எப்படி நெட்டித் தள்ளும், தண்ணீரில் முதலையின் முதுகு எப்படி மரக்கட்டையாகக் கிடக்கும். ஒற்றைக் குட்டி அக்கரையில் நின்று கத்தியதைச் சொன்னேன். அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியே விட்டாள். கீழ்வேளூர்ப் பக்கம் போகும் மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தது. அவள் திரும்பவில்லை, முதுகைக் காட்டியபடியே கேட்டாள். "தாயி வந்துச்சா?" என்றாள். வந்தது என்றேன்.

"கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்றாள்.

கேலியாக இருக்கும் என்று கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினேன். கேலி இல்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, எங்கேயோ வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடம் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனை வைத்துவிட்டு எந்த முகத்தோடு நின்றிருப்பேன் என்று அப்போது பார்த்தேன். போகாத ஊரைப் பார்த்ததற்காக ஒருத்தி என்னைப் பார்த்து ஏங்குகிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது. எழுத உட்கார்ந்துவிட்ட பிறகு அதை மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்?